உத்தரமேரூர் வாரியங்களும் சிறுகுழுத் தலைமையும்

உத்தரமேரூர்ச் சாசனங்களைக் குறிப்பிடாத சோழர் வரலாற்று நூல் அரிது. முதற் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும், அஃதாவது கி.பி. 919-இலும் 921-இலும், அவ்வூர்ப் பெருங்குறி மகாசபையார் செய்துகொண்ட இரு தீர்மானங்கள் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. வெங்கையா அவற்றை 1904-05-ஆம் ஆண்டுத் தொல்பொருள் ஆய்வறிக்கையில் விளக்கினார். நீலகண்ட சாத்திரியார் 1932-இல் வெளியிட்ட சோழர் ஆட்சிமுறை பற்றிய ஆய்வுகளில் அவற்றை மீண்டும் நுணுகி ஆராய்ந்தார். அன்று முதல் குடவோலை என்னுஞ் சொல் பள்ளிப் பாடநூலிலும் மேடைப் பேச்சிலும் நிலைபெற்றுவிட்டது.

ஆயினும் இவை பற்றிய எழுத்துகளுட் பல, குடத்துள் ஓலை இடுவதில் தொடங்கி, ஓலை வெளிவந்தவுடன் முடிந்துவிடுகின்றன. வெளிவந்த ஓலையிற் பெயர் கண்டவர்கள் பின்னர் என் செய்தனர்? தம்முள் ஒருவரையொருவர் தேர்ந்துகொள்ளாத பன்னிருவர், குலுக்கலால் ஓரிடத்துச் சேர்க்கப்பட்டு, ஓராண்டுக் காலம் ஒரு பணியைச் செய்தல் எங்ஙனம்? அவர்களிடையே தலைமை எவ்வாறு தோன்றியது? அன்றி, தோன்றாதவாறு காக்கப்பட்டதா? இவ்வினாக்களை உளங்கொண்டு அச்சாசனங்களைப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவையும் குழுவும்

தமிழில் மக்கட் கூட்டத்தைக் குறிக்கும் சொற்கள் பல. அவை, மன்றம், குழு, குழாம், ஆயம் என அவை விரியும். இவற்றை ஒரு பொருட் பன்மொழியாகக் கொள்வது வழக்கமாயினும், அவைக்கும் குழுவுக்கும் உள்ள வேறுபாடு கருதற்பாலது. அவையில் ஒருவன் பேச, ஏனையோர் கேட்பர். சிறுகுழுவிலோ ஒவ்வொருவனும் மற்ற ஒவ்வொருவனோடும் நேர்நின்று பேசவியலும். வள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை அவைக்கு வைத்தார். வினையை ஒப்படைக்கும் முறையைத் தெரிந்து வினையாடலில் ஆராய்ந்தார். ஆண்டு அவர் நோக்கியது வினைக்குரிய தனியொருவனையே. சிலர் கூடி ஒரு வினையைச் செய்யுமிடத்து அவர் தம்முள் எவ்வாறு ஒழுகுவர் என்பது நம் இலக்கியத்தில் தனிப்பொருளாக விரிவு பெறவில்லை என்றே கூறத் தோன்றுகிறது. சிலப்பதிகாரம் சுட்டும் ஐம்பெருங்குழுவும் எண்பேராயமும் அரசனைச் சூழ்ந்து நிற்பவை. அவற்றின் பெயரும் பெருமையும் நமக்குக் கிடைத்தன. அவை இயங்கிய முறை கிடைத்திலது.

அகநானூற்று 77-ஆம் பாட்டை ஈண்டு நினைவு கூர்வார் உளர். மருதன் இளநாகனார் பாடிய அப்பாட்டில், கயிற்றாற் கட்டிய குடத்தின் இலச்சினையை நீக்கி உள்ளிருக்கும் ஓலையை எடுப்போர், போர்க்களத்து மாண்டார் குடரைக் கவரும் எருவைப் பறவைக்கு உவமையாக வருகின்றனர். குடவோலை முறையின் பழமைக்கு இதனைச் சான்றாகக் காட்டுவர். குடத்துள் ஓலை இருந்தது என்பதற்கு மேல் அவ்வுவமையினின்று எதையும் வலிந்து பெறுதல் கூடாது என்பது என் கருத்து. குடத்தில் ஆவணங்களைக் காத்து வைத்தலும் உண்டன்றோ!

இலக்கியம் விட்ட இடத்தைக் கல்வெட்டே நிரப்புகின்றது. வாரியம் என்பது ஒரு குழு. அதன் அளவும் ஆயுளும் பணியும் எழுத்தில் வரையறுக்கப்பட்டுள்ளன.

சாசனங்கள் கூறும் அமைப்பு

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் கட்டி, அக்கட்டின்மேல் குடும்பின் பெயர் விளங்க வாயோலை பூட்டிக் குடத்துள் இடுவர். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனாய், தன் மனையில் தானே வீடு கட்டியிருப்பவனாய், வேதக் கல்வியில் வல்லவனாய் இருத்தல் வேண்டும். கல்வி மிக்கவனாயின் அரைக்கால் வேலி நிலமே அமையும். காரியத்தில் வல்லமை, நேரிய வழியில் ஈட்டிய பொருள், தூய உள்ளம், முந்திய மூன்றாண்டுகளில் வாரியஞ் செய்யாமை என்பனவும் வேண்டப்பட்டன. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் விலக்கப்பட்டான். அவனுடைய உறவினரும் விலக்கப்பட்டனர். இவ்வுறவினர் இன்னின்னார் எனப் பிற்பட்ட சாசனம் விரித்தே கூறுகின்றது.

இம்முறையில் குடும்புக்கு ஒருவராக முப்பதின்மர் கிடைப்பர். அவருட் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியே ஓலை எடுத்து அறுவர் அறுவராகக் கொள்வர். முதல் மூன்று வாரியங்களும் 360 நாள் நிரம்பச் செய்து ஒழிய வேண்டும். இடையில் ஒருவன் குற்றம் புரிந்தமை தெரியவரின் அப்பொழுதே அவன் நீக்கப்படுவான்.

இவ்வெண்கள் தற்செயலாக அமைந்தவை அல்ல எனக் கருத இடமுண்டு. ஒரு குழுவில் இருவர் இருவராக நேர்நின்று பேசும் தொடர்புகளைக் கணக்கிட்டால், அறுவரிடையே 15, பன்னிருவரிடையே 66, முப்பதின்மரிடையே 435 எனப் பெருகும். முப்பதின்மரும் ஒரே குழுவாக இருந்திருப்பின் அஃது அவையாகவே மாறியிருக்கும். நாவன்மை உடையார் சிலர் பேச, ஏனையோர் வாளா இருந்திருப்பர். மூன்றாகப் பிரித்தமையால் அத்தொடர்புகள் 147 ஆகக் குறைந்தன. அவற்றுள்ளும் மிகச் சிறிய குழு ஏரிக்கு உரியதாயிற்று. உத்தரமேரூரின் வைரமேகத் தடாகம் பல்லவர் காலந்தொட்டு ஊரின் உயிர்நிலை. ஐப்பசி கார்த்திகை மழையில் கரை உடையுமாயின் பன்னிருவரைத் தேடிக் கூட்டி ஆராய்ந்துகொண்டிருக்க இயலாது. சாசனம் காரணம் கூறவில்லை. எனினும் ஏரியும் மழையும் அறிந்தார்க்கு இக்காரணம் வலிந்து கூறியதாகத் தோன்றாது.

நடுவிடம்

இவ்வாரியங்களை ஆராயுமிடத்து வியப்பளிக்கும் செய்தி ஒன்றுண்டு. இவ்விரு சாசனங்களிலும் வாரியத்துக்குத் தலைவன் இன்னான் என்று குறிக்கும் சொல் இல்லை. வாரியப் பெருமக்கள் என்ற பன்மையே ஆளப்படுகின்றது. ஓலை எடுக்கும் முறையை விரல் அசைவு உட்பட விரித்துரைக்கும் சாசனம், வாரியத்தின் தலைமையைப் பற்றி ஒன்றும் கூறாமைக்கு மறதி காரணமாதல் இயலாது.

இதனை விளங்கிக்கொள்ள மேனாட்டார் செய்த ஓர் ஆராய்ச்சி பயன்படும். அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அலெக்ஸ் பாவெலாஸ் என்பார் வகுத்த முறையைப் பின்பற்றி, ஹரால்டு லெவிட் 1951-இல் தம் சோதனை முடிபுகளை வெளியிட்டார். ஐவரை ஒருவரையொருவர் காணாவண்ணம் தட்டிகளுக்கிடையே அமரச் செய்து, ஒவ்வொருவரிடமும் சில குறிகள் கொண்ட சீட்டு ஒன்றைக் கொடுத்தனர். ஐவர் சீட்டிலும் பொதுவாக உள்ள குறி யாது என அவர்கள் கண்டறிதல் வேண்டும். பேசுதல் கூடாது; எழுதிய துண்டுகளைத் தட்டியிலுள்ள துளை வழியே அனுப்பலாம். எத்துளை திறந்திருக்கும், எத்துளை மூடியிருக்கும் என்பதை ஆராய்ச்சியாளர் முடிவு செய்தனர். சில குழுக்களில் செய்தி வட்டமாக ஓடியது. சிலவற்றில் சங்கிலி போல் ஒருவர்பின் ஒருவராகச் சென்றது. சிலவற்றில், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் குடத்திற் கூடுவதுபோல, எல்லாச் செய்தியும் நடுவில் இருந்த ஒருவரிடமே வந்து சேர்ந்தது.

சக்கரக் குழுக்கள் விரைவாகவும் பிழை குறைவாகவும் பணியை முடித்தன. வட்டக் குழுக்களிற் பிழை மிகுந்தது. ஆயினும் உறுப்பினர் அப்பணியில் அடைந்த மகிழ்ச்சி மிகுதி. இறுதியில், உங்கள் குழுவுக்குத் தலைவர் யார் என்று வினவியபோது, சக்கரக் குழுக்களில் ஏறத்தாழ எல்லாருமே நடுவில் இருந்தவரைச் சுட்டினர். அவர் அறிவிற் சிறந்தவர் என்று யாரும் ஆய்ந்து தேர்ந்ததில்லை. எவ்விடத்தில் அமர்வது என்பது சோதனை செய்தார் இட்ட இடம். செய்தி கூடும் இடத்தில் இருந்தமையே அவரைத் தலைவராக்கியது. வட்டக் குழுக்களில் அவ்வாறு ஒருவர் நிலையாகத் தோன்றவில்லை.

இம்முடிபை உளங்கொண்டு உத்தரமேரூருக்கு மீள்வோம். அவ்வூரிற் செய்திகள் யாவும் கூடும் நடுவிடத்தில் இருந்தவன் யார்? அவன் பெயரே அதனை விளக்கிவிடுகின்றது. மத்யஸ்தன் என்பான் நடுவில் நிற்பவன். சபையைக் கூட்டுவதற்குத் துணை நிற்பவன் அவன். குடத்தினின்று எடுத்த ஓலையை வாங்கி வாசிப்பவன் அவன். ஊர்க்கணக்கை எழுதுவோனும் மத்யஸ்தருள் ஒருவன். வாரியத்தார் ஆண்டுதோறும் மாறுவர். கணக்கு அறிந்தவனோ அவர்களைப் போல 360 நாளில் ஒழிய வேண்டும் என்ற விதிக்கு உட்பட்டவன் அல்லன். லெவிட் கண்ட முறைப்படி நோக்கின், ஊர்த் தலைமை அவன் கைக்குத் தானே சென்று சேர்ந்திருத்தல் வேண்டும்.

சாசனம் செய்தார் இதனை அறிந்திருந்தனர் என்றே கொள்ள வேண்டும். ஓலையை அவன் வாங்கும்போது ஐந்து விரலும் விரிய உள்ளங்கையிலே வாங்குதல் வேண்டும் என்று விதித்தனர். அவன் வாசித்த ஓலையை அங்கு மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் அனைவரும் தனித்தனியே வாசித்தல் வேண்டும்; அதன்பின்னரே அப்பெயர் எழுதப்படும். குடத்தை எடுத்து நிறுத்துவோர் நம்பிமாருள் மூத்தவர். எல்லாரும் காணுமாறு மேல்நோக்கி நின்று எடுப்பார். ஓலையைப் பறிப்பதோ ஒன்றும் அறியாத சிறுவன். எடுப்பவன், பறிப்பவன், வாசிப்பவன், சரிபார்ப்பவர் எனச் செயல் நான்காகப் பிரிந்துவிட்டது. சக்கரத்தின் குடத்தில் மத்யஸ்தன் நிற்கின்றான். ஆயினும் அவன் அறிவது எதுவும் அவன் மட்டும் அறிந்ததாக இல்லை. பிறர் அறியாததைத் தான் அறிந்திருப்பதன்றோ நடுவில் இருப்பவனின் வலிமை! அதனை எடுத்துவிட்டால் நடுவிடம் வெறும் இடமாகின்றது.

கணக்கு எழுதுவோனுக்கு விதித்த விதி இதனினும் நுட்பமானது. தான் எழுதிய கணக்கைப் பெருமக்களிடம் ஒப்புவித்து, நேர்மையாளன் எனப்பட்ட பின்னரன்றி அவன் மீண்டும் அப்பணி பெறான். தன் கணக்கைத் தானே வந்து காட்ட வேண்டும். வேறொரு கணக்கனைக் கொண்டு அதனை முடித்தல் கூடாது. முன்னவன் எழுதியது எனக்குத் தெரியாது என்று பின்னவன் கூறுவதற்கும், பின்னவன் பார்த்துக்கொள்வான் என்று முன்னவன் நழுவுவதற்கும் இதனால் இடமில்லாது போயிற்று. உறவினர் விலக்கும் இந்நோக்கிலேயே பொருள் பெறும். கணக்குக் காட்டாதவன் தான் வெளியே நின்றுகொண்டு, தன் மைத்துனனையோ மருமகனையோ உள்ளே அமர்த்திப் பழைய இடத்திலிருந்தே காரியத்தை நடத்துதல் கூடும். குழுவுக்குள் குழு உருவாவதைத் தடுக்கவே உறவுமுறைகள் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டன. தந்தை மகன் என்ற அளவில் நில்லாது சிற்றன்னை மக்கள், மாமன் மக்கள் வரை செல்லும் அப்பட்டியலைப் படிப்பார்க்கு, அதனை எழுதியவர்கள் பட்டறிந்தே எழுதினர் என்பது புலனாகும்.

பேச்சின் எல்லை

குழு ஒன்று வினை முடிப்பதற்குப் பேச்சு வேண்டும். பேச்சிலே மறுப்பும் வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பேல்ஸ் 1950-இல் வெளியிட்ட நூலில், சிறுகுழுவில் நிகழும் ஒவ்வொரு கூற்றையும் 12 வகையுள் அடக்கிக் குறிக்கும் முறையை வகுத்தார். உடன்படல், மறுத்தல், கருத்து வினவல், கருத்துரைத்தல், இறுக்கம் தளர்த்தல் முதலியன அவ்வகைகள். அம்முறையால் குழுக்களை ஆராய்ந்தபோது, சிறந்த கருத்துரைப்பவர் என மதிக்கப்பட்டவரும் மிகுதியும் விரும்பப்பட்டவரும் பல குழுக்களில் இருவேறு மனிதராகவே இருக்கக் கண்டனர். வினையை முன்செலுத்துபவனிடம் மற்றவர்க்குச் சிறிது கசப்பு உண்டாகின்றது. அக்கசப்பை ஆற்றுபவன் வேறொருவனாகின்றான். நம் ஊர்க் கூட்டங்களைக் கண்டார்க்கு இதற்கு எடுத்துக்காட்டு வேண்டா.

உத்தரமேரூர்ச் சாசனங்கள் வாரியத்துள் நிகழ்ந்த பேச்சைப் பற்றிக் கூறவில்லை. ஆனால் அவற்றுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்ட பாண்டிநாட்டுக் கல்வெட்டொன்று அதனைத் தொடுகின்றது. திருநெல்வேலிப் பகுதியிலுள்ள மானூரிற் கிடைத்த அக்கல்வெட்டு, மாறஞ்சடையன் காலத்தது; ஏறத்தாழ கி.பி. 800-ஐச் சார்ந்தது எனக் கருதப்படுவது. சபையில் இருந்து காரியம் பார்ப்பவர்க்குரிய தகுதிகளை வகுத்தபின், எடுத்த பொருள் ஒவ்வொன்றுக்கும் அன்று அன்று என்று மறுத்துத் தடைசெய்வாரையும், அவர்க்குத் துணை நிற்பாரையும் அது தண்டிக்கின்றது. தண்டம் ஐந்து காசு. இத்தடையைக் குறிக்க ஆண்ட சொல் குத்துக்கால் என்பது. வழியின் குறுக்கே நட்ட கால்போல் நிற்பவன் குத்துக்கால் செய்பவன். நிர்வாக இயல் நூலெழுதுவோர் இன்று இப்பொருளுக்குச் சொல் தேடி இடர்ப்படுகின்றனர். ஆயிரத்திருநூறு ஆண்டுகட்கு முன்னரே நல்லதொரு தமிழ்ச்சொல் இருந்தது.

இவ்விதியை மறுப்புரிமையை நசுக்கிய விதி என்று கொள்வார் உளர். அக்கருத்தைத் தள்ளிவிட முடியாது. தண்டம் விதிக்கும் உரிமை பெரும்பான்மையோர் கையில் இருக்குமாயின், நேர்மையான மறுப்பும் குத்துக்கால் எனப்படுதல் எளிது. எனினும் இரண்டு குறிப்புகள் நோக்கற்பாலன. ஒன்று, தண்டம் பொருள்தோறும் விதிக்கப்பட்டது. ஒன்றை மறுத்தமைக்காக ஒருவன் எல்லாவற்றினின்றும் விலக்கப்படவில்லை. மற்றொன்று, தண்டம் செலுத்தியவன் அச்சபையின் ஒழுங்குக்கு மீண்டும் உட்பட்டவனாகவே வைக்கப்பட்டான். தடை செய்தவனைக் குழு வெளியே தள்ளவில்லை; உள்ளேயே வைத்துக்கொண்டது. சிற்றூரிற் சேர்ந்து வாழ்வோர்க்கு வேறு வழியும் இல்லை. இன்று குத்துக்கால் செய்தவன் வயலுக்கும் நாளை அதே மடை வழியாகத்தான் நீர் பாய வேண்டும்.

தலைமை பயிலுமிடம்

வாரியத்துக்குத் தலைவன் இல்லை. ஆண்டுதோறும் ஆட்கள் மாறுகின்றனர். செய்தவன் மூன்றாண்டு விலகியிருத்தல் வேண்டும். இவ்வாறாயின் காரிய அறிவு எவ்வாறு நிலைத்தது? முந்நூற்றறுபது நாளில் ஒருவன் ஏரியின் இயல்பைக் கற்று முடிப்பதற்குள் அவன் காலம் முடிந்துவிடாதா? இவ்வமைப்பின் பெருங்குறை இதுவே என்று கூறத் தோன்றும்.

921-ஆம் ஆண்டுச் சாசனம் இதற்கு விடை வைத்திருக்கின்றது. ஓலையிற் பெயர் வந்த முப்பதின்மருள், முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவரையும், கல்வியில் முதிர்ந்தவரையும், ஆண்டில் முதிர்ந்தவரையும் சம்வத்சர வாரியத்துக்குக் கொள்ளுமாறு அது கூறுகின்றது. எஞ்சியவர்களே தோட்டத்துக்கும் ஏரிக்கும் செல்வர். ஆகவே முப்பதின்மரைக் கொணர்வது குலுக்கல். எவரை எவ்விடத்தில் வைப்பது என்பதை முடிவு செய்வது பயிற்சி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, உத்தரமேரூரில் எல்லாம் குலுக்கலால் நடந்தன என்று எழுதுதல் பொருந்தாது.

மூன்றாண்டு இடைவெளியையும் இதனோடு சேர்த்துக் காண வேண்டும். ஐந்து வாரியங்களுக்கும் இவ்விடைவெளி ஒப்பப் பொருந்தும் எனக் கொண்டால், ஓராண்டுக்கு 42 பேர் வேண்டும். முதலாண்டில் இருந்தவன் மீண்டும் வரத்தக்க ஆண்டுக்கு முன் நான்கு ஆண்டுகள் நிரம்பிவிடும். அந்நான்கு ஆண்டுகளில் 168 வேறு வேறு மனிதர் வாரியஞ் செய்திருப்பர். இவ்வெண் சாசனத்தில் உள்ளதன்று. அதன் விதிகளினின்று நாம் கணித்துக்கொள்வது. அஃதாவது, எந்த ஆண்டிலும் ஏரி வாரியத்தில் இருக்கும் அறுவரைச் சுற்றி, அப்பணியை முன்னர்ச் செய்து இப்பொழுது விலகியிருக்கும் பலர் ஊரில் வாழ்ந்தனர். கலிங்கு எந்த அளவில் நீரை விடும், எவ்விடத்தில் கரை நெகிழும் என்பதை அவர்கள் அறிவர். இப்பொழுது இருப்பவரிடம் அவர்கள் கேட்கும் கேள்வி வெறும் குறைகூறலாக இராது. அறிந்தவன் கேட்கும் கேள்வியாக இருக்கும். தலைமை ஒருவனிடம் தங்காமல் ஊரின் பொது அறிவாகப் பரவிநின்றது எனலாம்.

அயோவாப் பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவினும் அவரோடு ஆராய்ந்த லிப்பிட், ஒயிட் ஆகியோரும் சிறுவர் குழுக்களைக் கொண்டு செய்த சோதனை ஈண்டு ஒப்பு நோக்கத்தக்கது. அதன் முடிபுகள் 1939-இல் வெளிவந்தன. அதிகாரம் செலுத்திய தலைவரின்கீழ் இருந்த குழுக்களில், அவர் அறையை விட்டு வெளியே சென்றதும் வேலை தளர்ந்தது. கலந்து முடிவு செய்யப் பழகிய குழுக்களில், தலைவர் வெளியே சென்றபின்னும் வேலை தொடர்ந்தது. உத்தரமேரூரில் ஆண்டுதோறும் எல்லாருமே வெளியே சென்றனர்.

919-இல் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு, 921-இல் 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டமையும் இத்தொடர்பிற் கருதற்குரியது. முதற் சாசனத்தின்போது தத்தனூர் மூவேந்தவேளானும், இரண்டாவதன்போது சோமாசிப்பெருமானும் அரசன் ஆணைப்படி உடனிருந்தனர். இரண்டே ஆண்டுகளில் திருத்தம் தேவைப்பட்டது என்பதிலிருந்து முதலேற்பாட்டில் இடர் நேர்ந்தமை தெளிவு. இளையோரைச் சிறிது தள்ளி முதியோரைச் சேர்த்தமை, காரியம் அறிந்தார் போதாமையை உணர்ந்து செய்ததாகலாம். முதுமையை அறிவென்று கொள்ளும் இயல்பான நாட்டமும் அதிற் கலந்திருக்கும்.

இவ்வமைப்பைப் புகழுமிடத்து அதன் எல்லையை மறைத்தல் ஆய்வாளர்க்கு அழகன்று. உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். குடத்துள் இடப்பட்ட பெயர்கள் நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தண ஆடவர் பெயர்களே. வேளாண் ஊர்களுக்கு ஊர் என்னும் அவையும், வணிகர்க்கு நகரமும் தனியே இருந்தன. ஏரியைத் தூர்வாரிய கூலியாளின் பெயரோ, எவ்வகுப்புப் பெண்ணின் பெயரோ எந்த ஓலையிலும் ஏறவில்லை. இதனை மக்களாட்சியின் தாய் என்று கூறுவோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். மற்றொன்றும் கூற வேண்டும். குலுக்கலால் சேர்ந்தவர்கள் ஓராண்டு ஒத்துழைக்க முடிந்தமைக்கு, அவர்கள் முன்னரே ஒரே கல்வியும் ஒரே வாழ்நிலையும் உடையவராய் இருந்தமை பெருங்காரணம். குடம் வேறு வேறு மனிதரைச் சேர்த்தது. வேறு வேறு வகை மனிதரைச் சேர்க்கவில்லை.

அவ்வாறு வகைவகையானோர் சேரும் குழுக்களில் நடுவிடத்தின் வலிமை இன்னும் கூர்மையாகத் தோன்றும். தமிழகத்தில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பின்னர் எங்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 12 முதல் 20 வரை உறுப்பினர் கொண்டவை. அளவில் நம் வாரியங்களை ஒத்தவை. ஊக்குநரும் பிரதிநிதிகளும் காலத்துக்குக் காலம் மாற வேண்டும் என்பது ஏற்பாடு. நான் அறிந்த குழுக்கள் சிலவற்றில் பெயரளவில் ஊக்குநர் மாறியும், பேரேடு எழுதும் கை மாறவில்லை. எழுத்தறிவு குறைந்த உறுப்பினர் பலர் இருக்க, எழுதத் தெரிந்த ஒருவரிடமே வங்கிச் செய்தியும் தவணைக் கணக்கும் கூடுகின்றன. அவர் நேர்மையாளராகவே இருக்கலாம்; பெரும்பாலும் அவ்வாறே உள்ளார். எனினும் அவர் இல்லாத வாரத்தில் கூட்டம் நடைபெறுவதில்லை. உறுப்பினர் அனைவரும் காண வரவு செலவை உரக்கப் படிக்கும் குழுக்களில் இந்நிலை இல்லை. விரிந்த ஐவிரலும் பலர் வாசிப்பும் என்ற உத்தரமேரூர் விதிக்கு இதனினும் நெருங்கிய உரை வேண்டுமோ?

இனிச் சாசனத்திலுள்ள ஒரு சொல் எஞ்சி நிற்கின்றது. தோட்ட வாரியத்தையும் ஏரி வாரியத்தையும் கரை காட்டிக் கொள்க என்கிறது 921-ஆம் ஆண்டுச் சாசனம். கரை காட்டுதலை வாய்மொழியாக உடன்பாடு தெரிவித்தல் என்று கொண்டாரும் உளர்; கரை என்பதற்குப் பங்கு, முறை என்னும் பொருள் கொண்டு, முறை வைத்துப் பிரித்தல் என்பாரும் உளர். இவ்வேறுபாடு அகராதி அளவில் நின்றுவிடுவதன்று. முதற்பொருளே உண்மையாயின், குலுக்கல் முடிந்தபின் முப்பதின்மரும் கூடிப் பேசி, இவனுக்குத் தோட்டம் ஏற்கும், இவனுக்கு ஏரி ஏற்கும் என்று ஒருவரையொருவர் மதிப்பிட்டனர் ஆவர். இரண்டாம் பொருளாயின், அவ்விடத்தும் பேச்சுக்கு இடமின்றி முறையே முடிவு செய்தது. கோயிற் கரை, கரைக்காரர் என இன்றும் தென்மாவட்டங்களில் வழங்கும் வழக்கும், தஞ்சைப் பகுதியில் நிலத்தைக் காலந்தோறும் பங்கிட்ட கரையீட்டு முறையும் இரண்டாம் பொருளுக்கே வலிமை தருகின்றன. சம்வத்சர வாரியத்துக்கு மட்டும் ஆளை ஆராய்ந்து கொண்டு, ஏனை இரண்டையும் முறைக்கு விட்டனர் எனக் கொள்வதே சாசனத்தின் சொற்கிடக்கைக்கும் பொருந்துவது. தோட்டத்திலும் ஏரியிலும் யார் வந்தாலும் கற்றுக்கொள்வர் என்று அவர்கள் நம்பினர் போலும்.